முற்றுகைக்குள் வாங்கிய வயல்

எதிர்பாராத துன்பம் வரும்போது விசுவாசியின் உள்ளத்தில் இரண்டு கேள்விகள் எழுகின்றன. "இனி எமக்கு என்ன இருக்கிறது?" என்பது ஒன்று. "இப்படிப் பயப்படுகிறேனே, என் விசுவாசம் போய்விட்டதா?" என்பது மற்றது. 1995 ஒக்டோபரில் வலிகாமத்தை விட்டு வெளிக்கிட்டவர்களும், 2008, 2009ஆம் ஆண்டுகளில் வன்னியில் இடத்துக்கு இடம் மாறியவர்களும் இக்கேள்விகளை நன்கு அறிவார்கள். எரேமியா தீர்க்கதரிசியும் அறிந்திருந்தார்.

கி.மு. 587 அளவில் பாபிலோனியப் படை எருசலேமை முற்றுகையிட்டிருந்தது. நகரத்தில் பஞ்சம் வளர்ந்துகொண்டிருந்தது. நகரம் விழும் என்று சொன்னதற்காக எரேமியா காவலில் வைக்கப்பட்டிருந்தார். அவ்வேளையில் அவருடைய தகப்பனின் சகோதரர் மகன் அனாமெயேல் வந்து, ஆனதோத்தில் உள்ள தன் வயலை வாங்கும்படி கேட்டார். ஆனதோத் எரேமியாவின் சொந்த ஊர். எருசலேமிலிருந்து சில கிலோமீற்றர் தூரம். எதிரியின் கையில் இருக்கும் நிலத்தை யார் வாங்குவார்? கடவுள் சொன்னபடி எரேமியா வாங்கினார். 17 சேக்கல் வெள்ளி, அதாவது ஏறத்தாழ 190 கிராம், நிறுத்துக் கொடுத்தார். சாட்சிகள் ஒப்பமிட்டார்கள். நெடுநாள் பழுதுபடாமல் இருக்கும்படி உறுதியை மண்பாண்டத்தில் வைக்குமாறு பாருக்கிடம் சொன்னார். இது எரேமியா 32ஆம் அதிகாரத்தில் உள்ளது.

இதிலிருந்து நாம் மூன்று காரியங்களைக் கற்றுக்கொள்ளலாம்.

முதலாவது, பயமும் கேள்வியும் அவிசுவாசம் அல்ல. தன்னை முன்பிருந்த சிறைக்குத் திருப்பி அனுப்பினால் அங்கே செத்துவிடுவேன் என்று எரேமியா அரசனிடம் மன்றாடினார். வயலை வாங்கிய பின்னரும், நகரம் எதிரியிடம் போகும்போது காணி வாங்கச் சொன்னது ஏன் என்று ஜெபத்தில் கடவுளிடமே கேட்டார். கடவுள் அவரைக் கடிந்துகொள்ளவில்லை, பதில் கொடுத்தார். இரவில் ஒரு சத்தம் கேட்டால் இன்றும் உடல் நடுங்குகிற தாய் விசுவாசம் இல்லாதவள் அல்ல. அந்த நடுக்கத்தோடே அவள் ஜெபிக்கலாம்.

இரண்டாவது, நம்பிக்கை வேறு, போலி ஆறுதல் வேறு. இரண்டு வருடத்தில் எல்லாம் சரியாகிவிடும் என்று அனனியா சொன்னபோது, அது பொய் என்று எரேமியா சொன்னார். சிறைப்பட்டுப் பாபிலோனுக்குப் போனவர்களுக்கு அவர் எழுதிய கடிதத்தில், வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், இருக்கும் ஊரின் சமாதானத்துக்காக ஜெபியுங்கள் என்றார். ஆகவே ஒதுங்கியிருக்கும் இடத்தில் ஒரு முருங்கைத் தடியை ஊன்றுவது சொந்த ஊரை மறப்பது ஆகாது.

மூன்றாவது, விசுவாசம் இன்று செய்யவேண்டிய வேலையைச் செய்கிறது. எரேமியா உறுதியைப் பத்திரப்படுத்தினார். நாமும் அப்படிச் செய்யலாம். உறுதி, அனுமதிப்பத்திரம், பிறப்பு அத்தாட்சிப்பத்திரம் ஆகியவற்றுக்குப் பிரதிகள் எடுத்து, வெவ்வேறு இரண்டு இடங்களில் வையுங்கள். மூலப்பத்திரங்களை ஈரம் புகாத உறையில் போடுங்கள். பதிவு செய்த உறுதி தொலைந்திருந்தால், பதிவேடு அழியாதிருக்கும் பட்சத்தில் காணிப் பதிவகத்தில் பிரதி பெறலாம். அரச காணி அனுமதிப்பத்திரமாயின் பிரதேச செயலகத்தின் காணிப் பகுதியில் விசாரியுங்கள். எல்லை மரம், கிணறு, அயல் காணிக்காரர் பெயர் ஆகியவற்றை முதியவர்களிடம் கேட்டு எழுதி வையுங்கள். பிள்ளைகளுக்கும் சொல்லிக்கொடுங்கள்.

எரேமியா அந்த வயலை உழுததாக வேதாகமம் எங்கும் கூறவில்லை. நகரம் விழுந்த பின் அவருடைய விருப்பத்துக்கு மாறாக எகிப்துக்குக் கொண்டுபோகப்பட்டார். விசுவாசித்தால் இழந்ததெல்லாம் எம் கைக்கே திரும்பும் என்று நாம் ஒருவருக்கும் சொல்ல முடியாது. போனவர்களில் திரும்பி வராதவர்களும் உண்டு. அவர்களுக்காக அழுவதும் ஜெபமே.

ஆனால் சுமார் 50 வருடங்களின் பின்னர் பாபிலோனிலிருந்து திரும்பியவர்களின் கணக்கு எஸ்றா 2ஆம் அதிகாரத்தில் ஊர் ஊராக எழுதப்பட்டுள்ளது. அதில் ஆனதோத்தின் மனிதர் 128 பேர்.