எஞ்சிய இரும்பு: செங்கல்பட்டுக் கரையோரமும் 19ஆம் நூற்றாண்டுப் போர்க்கருவிகளும்

கோவளத்தில் தொடங்கி மாமல்லபுரம், சதுரங்கப்பட்டினம் வழியாக ஆலம்பரை வரை நீளும் கடற்கரையிலும், அதற்கு மேற்கே ஏரியை அரணாகக் கொண்டு நின்ற செங்கல்பட்டுக் கோட்டையிலும் 18ஆம் நூற்றாண்டில் ஆர்க்காட்டு நவாபின் ஆட்களும் டச்சுக்காரரும் பிரெஞ்சுக்காரரும் ஆங்கிலேயரும் மாறி மாறிப் படை நிறுத்தினர். இத்தனை முற்றுகைகளைக் கண்ட நிலப்பரப்பில் அக்காலத்து வாளோ துப்பாக்கியோ இன்று அரிதாகவே கண்ணில் படுகிறது. ஆயுதங்களைத் திரட்டி அழித்த அரசாணைகள், இரும்பை அரிக்கும் உப்புக்காற்று, பொருளை அது பிறந்த சூழலிலிருந்து பிரித்து விற்ற வணிகம் ஆகிய மூன்றுமே இந்த அருமைக்குக் காரணங்களாகும். ஆகவே 19ஆம் நூற்றாண்டுப் போர்க்கருவிகளையும் படை நினைவுப்பொருள்களையும் சேகரிப்பவருக்கு, பொருளைத் தேடிப் பிடிப்பதைவிட அது யாருடையது, எங்கிருந்து வந்தது என்பதை நிறுவுவதே பெரிய வேலையாக இருக்கிறது.

கோட்டையிலிருந்து கண்டோன்மெண்டுக்கு

1752ஆம் ஆண்டு ராபர்ட் கிளைவ் கோவளத்தையும் செங்கல்பட்டையும் பிரெஞ்சுத் தரப்பிடமிருந்து கைப்பற்றினார். 1760இல் ஆலம்பரைக் கோட்டை ஆங்கிலேயர் வசமாகி இடிக்கப்பட்டது. 1782 பிப்ரவரி 17 அன்று சதுரங்கப்பட்டினத்துக்கு அப்பால் கடலில் சஃப்ரன் தலைமையிலான பிரெஞ்சுக் கப்பற்படையும் ஹியூஸ் தலைமையிலான ஆங்கிலக் கப்பற்படையும் மோதின. டச்சுக்காரரின் சதுரங்கப்பட்டினம் போர்க்காலங்களில் கைமாறிக் கைமாறி, 1824ஆம் ஆண்டு ஆங்கில-டச்சு உடன்படிக்கையின்படி 1825இல் நிலையாக ஆங்கிலேயரிடம் வந்து சேர்ந்தது.

கடலோரக் கோட்டைகளின் படைத்துறை முக்கியத்துவம் இவ்வாறு குன்றிய அதே காலத்தில், பழைய செங்கல்பட்டு மாவட்டத்தின் வடபகுதியில் கண்டோன்மெண்டுகள் எனப்படும் படைக்குடியிருப்புகள் வளர்ந்தன. பரங்கிமலை சென்னை மாகாணப் பீரங்கிப் படையின் தலைமையிடமாயிற்று; பல்லாவரத்தில் சிப்பாய்களின் காலாட்படைப் பிரிவுகள் தங்கின. இதனால் இப்பகுதியோடு தொடர்புடைய 19ஆம் நூற்றாண்டுப் பொருள்கள் பெரும்பாலும் அரசர்களின் அலங்கார ஆயுதங்களாக இல்லாமல், கும்பெனி எனப்பட்ட ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனியின் பட்டாளம் ஒரே அச்சில் ஆயிரக்கணக்கில் வாங்கி வழங்கிய துப்பாக்கி, பயனெட் எனும் துப்பாக்கிமுனைக் கத்தி, அதிகாரிகளின் வாள், சீருடைப் பொத்தான், இடைவார்த் தகடு, பதக்கம் போன்றவையாக இருக்கின்றன.

அழிப்பதற்காகத் திரட்டியவர்கள்

தமிழகத்தில் ஆயுதங்களை மிகப் பெரிய அளவில் திரட்டியது அரசேயாகும். அது திரட்டியது பாதுகாப்பதற்காக அன்று. பாளையக்காரர் போர்கள் முடிந்ததும் 1801 டிசம்பர் 1 அன்று சென்னை ஆளுநர் எட்வர்ட் கிளைவ் வெளியிட்ட அறிவிப்பு, தென்பாளையங்களில் ஆயுதம் வைத்திருப்பதைத் தடை செய்தது. 1857 எழுச்சிக்குப் பிறகு நாடு தழுவிய ஆயுதக் கட்டுப்பாடுகள் வந்தன. 1878ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் உரிமம் என்னும் ஏற்பாட்டை நிலைப்படுத்தி, இந்தியர் கையில் துப்பாக்கி இருப்பதையே விதிவிலக்காக்கியது. அதே ஆண்டில் பிறந்த இந்தியப் புதையல் சட்டம், மண்ணுக்குள் கிடைக்கும் மதிப்புள்ள பொருளைப் பற்றி மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிப்பதைக் கட்டாயமாக்கிற்று. வீட்டிலிருந்த ஆயுதத்தையும் நிலத்தில் புதைந்திருந்த ஆயுதத்தையும் அரசின் கணக்குக்குள் கொண்டுவந்த இரு சட்டங்களும் ஓராண்டிலேயே பிறந்தன என்பதைச் சேகரிப்பாளர் கவனத்தில் கொள்வது தகும்.

இந்தத் திரட்டலின் விளைவை விளங்கக் காட்டுவது தஞ்சை அரண்மனை ஆயுதச்சாலையின் கதை. 1855இல் இரண்டாம் சிவாஜி ஆண் வாரிசின்றி இறந்ததும் தஞ்சை அரசு கும்பெனியால் இணைத்துக்கொள்ளப்பட்டது. நாயக்கர், மராட்டியர் காலங்களில் சேர்ந்த வாள்கள், கட்டாரிகள், அங்குசங்கள், ஈட்டிகள் முதலியவற்றில் பெரும்பகுதி உடைக்கப்பட்டுப் பழைய உலோகமாகக் கழிந்தது. தேர்ந்தெடுத்த ஒரு பகுதி மட்டும் சென்னை அரசு அருங்காட்சியகத்துக்கு வந்தது. சென்னை மாகாணக் குடிமைப் பணியாளரான வால்ஹவுஸ் இந்த இழப்பைப் பற்றி 1878இல் ஒரு கட்டுரை எழுதினார். எழும்பூரிலுள்ள அந்த அருங்காட்சியகத்தின் படைக்கலக் கூடத்துக்குப் பெருமை தரும் பொருள்கள் இவ்வாறு தப்பியவைதாம். தஞ்சைக் கட்டாரிகள் சில நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம் வரை சென்று சேர்ந்துள்ளன. கும்பெனிப் பட்டாளத்தின் பதக்கங்களையும் ஆயுதங்களையும் காண விரும்புவோருக்கு, 1948இல் திறக்கப்பட்ட புனித ஜார்ஜ் கோட்டை அருங்காட்சியகம் உதவும்.

இரும்பில் எழுதிய எழுத்து

பட்டறைகளில் ஒரே அச்சில் செய்த ஆயுதத்தை மற்றொன்றிலிருந்து பிரித்துக் காட்டுபவை அதன்மேல் அடித்த முத்திரைகளும் எண்களுமே. கும்பெனிச் சிப்பாய் தோளில் சுமந்த ‘இந்தியன் பேட்டர்ன்’ மஸ்கட் துப்பாக்கியை எடுத்துக்கொண்டால், அதன் குழல் 39 அங்குல நீளமும் முக்கால் அங்குலத் துளையும் உடையது. கும்பெனிக்காக வடிவமைக்கப்பட்ட இதனைப் பிரெஞ்சுப் போர்களின் நெருக்கடியில் பிரிட்டிஷ் அரசும் 1797இல் தன் படைக்கு ஏற்றுக்கொண்டது. சக்கிமுக்கிக் கல்லைச் சுமக்கும் விசைப்பொறி பொருந்திய தகட்டின்மேல் இதய வடிவ முத்திரையும் அதன் உச்சியில் 4 என்ற எண்ணைப் போன்ற குறியும் இருந்தால், அது ஏறத்தாழ 1808க்கு முந்தையது; பின்னங்காலில் நின்று மகுடம் ஏந்தும் சிங்கம் இருந்தால் அதற்குப் பிந்தையது.

1840ஐ ஒட்டிக் கல்லுக்குப் பதிலாக ‘கேப்’ எனப்படும் சிறு செம்பு மூடியைச் சுத்தியல் அடித்துத் தீப்பொறி உண்டாக்கும் முறை பரவியபோது, பழைய துப்பாக்கிகள் பலவும் அதற்கேற்ப மாற்றப்பட்டன. மருந்துக் கிண்ணம் இருந்த இடத்துத் திருகுத் துளைகளை அடைத்த தடயம் தகட்டில் தெரிந்தால், அந்த ஒரே துப்பாக்கி இரண்டு தலைமுறைச் சிப்பாய்களின் கையில் இருந்தது என்று ஊகிக்கலாம். அடுத்து வந்த 1853ஆம் ஆண்டு என்ஃபீல்ட், குழலின் உட்புறம் சுருள் வரிகள் கொண்டது. அதன் தோட்டாவில் தடவிய கொழுப்பே 1857இல் சிப்பாய்களைக் கொதிக்கச் செய்தது. எழுச்சி அடங்கியபின், குறிதவறாத அந்தச் சுருள் வரி இல்லாத, உட்புறம் வழவழப்பான துப்பாக்கிகளே இந்தியச் சிப்பாய்களுக்கெனச் செய்து தரப்பட்டன. வெளித்தோற்றத்தில் ஒன்றுபோலிருக்கும் இரு துப்பாக்கிகளின் குழலுக்குள் ஒளியடித்துப் பார்த்தால், ஆட்சியாளர் யாரை நம்பினர், யாரை நம்பவில்லை என்பது தெரிந்துவிடும்.

பீரங்கிகளைப் படிப்பதற்கும் இதுபோல் ஒரு முறை உண்டு. சதுரங்கப்பட்டினக் கோட்டை வாயிலில் உள்ளவை போன்ற இரும்புப் பீரங்கிகளில், வண்டியின்மேல் தாங்கிப் பிடிக்க உதவும் இருபக்க முளைகளின் முகப்பில் வார்ப்பாலையின் குறியும், பின்பகுதியில் எடையும் வெட்டப்படுவது வழக்கம். ஆங்கிலப் பீரங்கி ஒன்றில் 23-2-14 என்றிருந்தால், முதல் எண் 112 பவுண்டு கொண்ட ஹண்ட்ரட்வெயிட்டையும், இரண்டாவது 28 பவுண்டு கொண்ட கால்பங்கையும், மூன்றாவது தனிப் பவுண்டையும் குறிக்கும். கூட்டினால் 2,646 பவுண்டு, அதாவது ஏறத்தாழ 1,200 கிலோ. டச்சுக் கும்பெனியின் பொருளாயின் வி, ஓ, சி என்னும் மூன்று எழுத்துகளைப் பிணைத்த முத்திரையையும், பிரிட்டிஷ் அரசுடைமையாயின் அகன்ற அம்புக்குறியையும் எதிர்பார்க்கலாம்.

பதக்கங்களில் இன்னொரு வகைச் செய்தி உள்ளது. 1824 முதல் 1826 வரை நடந்த பர்மியப் போருக்காகக் கும்பெனி வழங்கிய பதக்கத்தில், பிரிட்டிஷ் சிங்கத்தின் முன் மண்டியிடும், பர்மிய ஆவா அரசைக் குறிக்கும் யானை காணப்படும்; இந்திய அதிகாரிகளுக்குத் தங்கத்திலும் மற்ற இந்தியச் சிப்பாய்களுக்கு வெள்ளியிலும் அது தரப்பட்டது. 1803 முதல் 1826 வரையிலான போர்களுக்குரிய ‘ஆர்மி ஆஃப் இந்தியா’ பதக்கமோ 1851இல்தான் அனுமதிக்கப்பட்டு, அதுவரை உயிரோடிருந்தவர்களுக்கு மட்டும் தரப்பட்டது. கால் நூற்றாண்டுக்கு மேல் காத்திருந்து அதைப் பெற்ற இந்தியச் சிப்பாய் மிகச் சிலரே என்பதால், விளிம்பில் தமிழ்ப் பெயரும் படைப்பிரிவும் பொறித்த பதக்கம் அந்த மனிதருக்கான அரிய எழுத்துச் சான்றாகிறது. அந்த விளிம்பைத் தேய்த்து மெருகேற்றுவது சான்றை அழிப்பதற்கு ஒப்பாகும்.

உப்பும் புளியும்

கடற்கரை வீடுகளில் இரும்புப் பொருளைக் காப்பது கடினம். காற்றில் வரும் உப்பிலுள்ள குளோரைடு இரும்பின் நுண்துளைகளுக்குள் இறங்கிவிட்டால், மேற்பரப்பைத் துடைத்த பின்னும் துரு உள்ளிருந்து தொடரும். ஈரமான ஆரஞ்சு நிறத் துளிகள் அரும்புவது அதற்கு அறிகுறி. கடலிலிருந்து எடுத்த பீரங்கிக் குண்டை வெயிலில் உலர்த்தினால் சில மாதங்களிலேயே ஏடு ஏடாகப் பிளந்து உதிரும். காரக் கரைசலில் நெடுங்காலம் ஊறவைத்து உப்பை வெளியேற்றிய பிறகே அதனை உலர்த்த வேண்டும், அதற்கு ஆய்வுக்கூடம் தேவை. வீட்டில் செய்யக்கூடியவை எளியவை: மென்மையான தூரிகையால் தூசு தட்டுதல், வெறுங்கையால் தொடாதிருத்தல், நுண்படிக மெழுகை மெல்லிய படலமாகப் பூசுதல், ஈரத்தை ஈர்த்து வைக்கும் தோலுறையிலிருந்து வாளை எடுத்துத் தனியே வைத்தல். தேங்காயெண்ணெய் நாளடைவில் பிசினாகித் தூசைப் பிடித்துக்கொள்ளும்; பித்தளைத் தகட்டைப் புளியிட்டுத் துலக்கினால் பளபளப்பு வரும், எழுத்தும் முத்திரையும் மழுங்கும்.

போலியும் சட்டமும்

மாமல்லபுரத்துச் சிற்பிகள் பல்லவர் பாணியில் இன்று செதுக்கும் சிலையைப் புதிய சிலை என்று சொல்லியே விற்கின்றனர்; அந்தக் கைவண்ணத்துக்குப் புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது. நகல் செய்வது குற்றமில்லை, நகலைப் பழையது என்று விற்பதே குற்றம். சுற்றுலாத் தலங்களில் பழைய ஆண்டு பொறித்து விற்கப்படும் பித்தளைத் தொலைநோக்கிகளும் திசைகாட்டிகளும் கைத்துப்பாக்கிகளும் பெரும்பாலும் அலங்காரப் பொருள்களே. போலியைக் கண்டறியச் சில நேரங்களில் வரலாற்று ஆண்டுகளே போதும்: விக்டோரியா அரியணை ஏறியது 1837இல் என்பதால், அவருடைய வி.ஆர். முத்திரையோடு 1825 என்று பொறித்த துப்பாக்கி உண்மையானதாக இருக்க வழியில்லை. ஆட்சி 1858இல் கும்பெனியிடமிருந்து அரசிக்கு மாறியதால், 1870 என்ற ஆண்டோடு கும்பெனிச் சிங்கம் இருந்தாலும் ஐயப்பட வேண்டும்.

சட்டத்தைப் பொறுத்தவரை, 1972ஆம் ஆண்டு தொல்பொருள் மற்றும் கலைக்கருவூலச் சட்டம் 100 ஆண்டு கடந்த, வரலாற்று முக்கியத்துவம் உடைய பொருளைத் தொல்பொருளாகக் கருதுகிறது. அதனைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது, உரிமமின்றி வணிகமும் செய்யலாகாது. துப்பாக்கிக்கு 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டமும் பொருந்தும். பழம்பொருள் மதிப்புடையதாகவோ வழக்கொழிந்த வகையாகவோ இருந்து, பழுதுபார்த்தாலும் சுடவே முடியாத நிலையிலுள்ள ஆயுதத்துக்குத்தான் அதன் 45ஆம் பிரிவு விலக்களிக்கிறது. நூறாண்டுப் பழமை மட்டும் உரிமத்திலிருந்து விடுவிக்காது. யானைத் தந்தப் பிடியுள்ள கத்தியாயின் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் குறுக்கே வரும். ஆலம்பரை மணலிலோ சதுரங்கப்பட்டின அகழியிலோ கிடைக்கும் குண்டை வீட்டுக்கு எடுத்துச் செல்வதற்குச் சட்டம் இடமளிப்பதில்லை. உள்ளே வெடிமருந்து அடைத்த குண்டுகளும் மருந்து கெட்டித்தபடியே மறக்கப்பட்ட துப்பாக்கிகளும் இன்றும் ஆபத்தானவை என்பதால், ஐயம் எழுந்தால் தொடாமல் காவல்துறைக்குத் தெரிவிப்பதே முறை.

இவற்றையெல்லாம் அறிந்த சேகரிப்பாளர், பொருளோடு ஒரு பதிவேட்டையும் வைத்திருப்பார். அளவு, எடை, முத்திரைகளின் ஒளிப்படம், யாரிடமிருந்து எப்போது வந்தது, எந்த ஊரோடும் குடும்பத்தோடும் தொடர்புடையது, பதக்கமாயின் அதனுடன் இருந்த ஓய்வூதியச் சீட்டு அல்லது கடிதம் எது என்பவை அதில் இடம்பெறும். தஞ்சை ஆயுதச்சாலையில் வாள்கள் உடைந்ததோடு, எந்த வாள் எந்தப் போரில் யாருடையது என்ற கணக்கும் சிதறியது. பின்னதை எந்த அருங்காட்சியகத்தாலும் மீட்க முடியவில்லை. பல்லாவரத்திலோ பரங்கிமலையிலோ ஒரு முன்னாள் சிப்பாயின் வீட்டுப் பெட்டியைத் திறக்க நேரும் பேரப்பிள்ளைகள், பதக்கத்தைப் பழைய வெள்ளியாகவும் காகிதத்தைக் குப்பையாகவும் பிரிக்காமல், இரண்டையும் ஒரே உறையில் வைத்து மேலே பெயரையும் ஆண்டையும் எழுதினால், சேகரிப்பின் பெரும்பகுதி அங்கேயே முடிந்துவிடுகிறது.