சருகுக்குள் குட்டிப் பூதங்கள்

எங்கள் தீவின் இறுப்பிட்டிப் பனங்கூடலுக்குள்ளே நடக்கும்போது, காலுக்குள் சரசரக்கும் சருகை ஒருதரம் கிளறிப் பார்த்திருக்கிறீர்களா?

இலங்கைக் காடுகளில் இப்படிச் சருகை அள்ளிச் சலித்துத்தான், கடுகளவே வரும் புதிய சிலந்தி இனங்களைக் கண்டுபிடித்தார்கள். கண்டியிலுள்ள ஆய்வு நிறுவகத்தைச் சேர்ந்த சுரேஷ் பெஞ்சமினும் ரணசிங்கவும் 2018ஆம் ஆண்டில் அவற்றை உலகுக்கு அறிவித்தார்கள். அவை சேர்ந்த சிலந்திக் குடும்பத்துக்கு ஆங்கிலத்தில் 'கொப்ளின்', அதாவது குட்டிப் பூதச் சிலந்திகள் என்று பெயர். அதனால் எனிட் பிளைட்டனின் சிறுவர் கதைகளில் வரும் குட்டிப் பூதங்கள் போன்ற மாயப் பாத்திரங்களின் பெயர்களையே சிலவற்றுக்குச் சூட்டிவிட்டார்கள். ஒன்று ஸ்னூக்கி, ஒன்று பொம், இன்னொன்று சிப்பி! எங்கள் தீவாரின் காதுக்கு அது கடற்கரைச் சிப்பிதான், என்ன அழகான பெயர்!

சரி, இவ்வளவு சிறிய உயிரில் இனம் பிரிப்பது எப்படி? ஆண் சிலந்தியின் முகத்தருகே இரண்டு குட்டிக் கைகள் போன்ற உறுப்புகள் உண்டு. அவற்றின் நுனி ஒவ்வொரு இனத்திலும் வேறு வேறு வடிவம். நுணுக்குக்காட்டியில் கண்ணை வைத்து, அந்த நுனியின் வளைவையும் முள்ளையும் பொறுமையாகப் பார்த்து வரைகிறார்கள். பூட்டுக்கேற்ற திறப்பு மாதிரி, இனச்சேர்க்கையில் அது தன் இனப் பெண்ணுக்குத்தான் பொருந்தும் என்பார்கள்.