மிலான் நிலையத்தில் ஓர் ஆயர்

இத்தாலி நாட்டின் மிலான் நகரப் புகைவண்டி நிலையம். கந்தலுடுத்திய முந்நூறு, நானூறு ஏழைகள் மூட்டை முடிச்சுகளோடு காத்திருந்தனர். முதியோர், தாய்மார், குழந்தைகள் எல்லாருமே அமெரிக்கா செல்லப் புறப்பட்டவர்கள். அவ்வழியே வந்த பியாச்சென்சா ஆயர் ஸ்கலபிரினி ஆண்டகையின் உள்ளம் உருகிற்று. இவர்களுக்கு யார் துணை?

கண்ணீரோடு அவர் நின்றுவிடவில்லை. 1887ஆம் ஆண்டில் குடிபெயர்வோர் நிலைபற்றி நூலொன்று வெளியிட்டார். அவர்களுக்கெனத் துறவற சபையொன்றையும் நிறுவினார். ஆயினும், குருக்களை அனுப்பினால் மட்டும் போதாது, சட்டமும் நீதியாக இருத்தல் வேண்டும் என்று கண்டார். ஆசைகாட்டி ஏழைகளைக் கப்பலேற்றிய தரகர்களை மனித வியாபாரிகள் என்று கண்டித்தார். 1888ஆம் ஆண்டுச் சட்டம் அத்தரகர்களுக்கு இடந்தந்தபோது, நகர் நகராய்ச் சென்று அதன் குறைகளை எடுத்துரைத்தார். தானே விரும்பிப் புறப்படுவது மனிதனின் உரிமை. பிறரைத் தூண்டிப் புறப்படச் செய்வது வாணிபமாகலாகாது என்பதே அவர் வாதம். இறுதியில் 1901ஆம் ஆண்டுச் சட்டம், குடிபெயர்வோரைக் காக்கத் தனி அரசு அலுவலகத்தை அமைத்தது.

1905இல் மறைந்த அவரை, 2022 அக்டோபர் 9 அன்று திருத்தந்தை பிரான்சிஸ் புனிதராக உயர்த்தினார்.

அன்பு வாசகர்களே! பிழைப்புத் தேடி வந்தவருக்குச் சோறிடுவது அன்பு. அவருக்காகச் சட்டத்தின் முன் குரலெழுப்புவது நீதி. ஒன்றைச் செய்து மற்றதை விடலாமா?