நடை பழகும் வயது – 7: “பிள்ளை சாப்பிடவே மாட்டேங்குது!”

போன வாரம் தூக்கத்தைப் பற்றிப் பார்த்தோம். இந்த வாரம் சாப்பாடு. ஒன்றிலிருந்து மூன்று வயதுக்குள் குழந்தை இருக்கும் வீடுகளில் இதைவிடப் பெரிய தினசரிப் போராட்டம் வேறு இல்லை.

“நல்லாத்தான் சாப்பிட்டுக்கிட்டு இருந்தான் டாக்டர். முதல் பொறந்தநாள் முடிஞ்சதும் நிறுத்திட்டான்” என்பார் அம்மா. “கண்ணு பட்டுடுச்சு” என்பார் பக்கத்தில் நிற்கும் பாட்டி. பசி எடுக்க ஒரு டானிக் எழுதித் தந்தால் போதும் என்று இருவரும் காத்திருப்பார்கள். பையனோ அதற்குள் மேஜையைச் சுற்றி ஓடி, நாற்காலிக்கு அடியில் புகுந்து வெளியே வந்து, எடை பார்க்கும் மெஷின் மேல் ஏறிக் குதித்துக்கொண்டிருப்பான். இவ்வளவு ஓடுவதற்கான தெம்பு எங்கிருந்து வருகிறது என்று யோசித்தாலே பாதிக் கவலை தீர்ந்துவிடும்.

கணக்கைப் பாருங்கள். 3 கிலோ எடையில் பிறந்த குழந்தை ஒரு வயதில் ஏறக்குறைய 9 கிலோ இருக்கும். முதல் வருடத்தில் மட்டும் 6 கிலோ கூடியிருக்கிறது. அதே குழந்தை இரண்டு வயதில் 12 கிலோவைத் தொட்டால் நல்ல வளர்ச்சி. அதாவது இரண்டாவது வருடம் கூடுவது 3 கிலோதான். உயரமும் அப்படியே: முதல் வருடம் 25 சென்டிமீட்டர், அடுத்த வருடம் 12. வளர்ச்சி வேகம் பாதியாகும்போது பசியும் குறையத்தான் செய்யும். காலையில் இரண்டு இட்லி கேட்டு வாங்கிச் சாப்பிட்ட பிள்ளை மதியமும் இரவும் தட்டைத் தள்ளிவிடுவது இந்த வயதின் இயல்பு. ஒரு வேளையை வைத்து முடிவு கட்டாமல், ஒரு வாரம் முழுவதும் என்ன சாப்பிட்டது என்று கூட்டிப் பாருங்கள்.

கிளாரா டேவிஸ் என்ற அமெரிக்கக் குழந்தை மருத்துவர் 1920களின் பிற்பகுதியில் ஓர் ஆய்வைத் தொடங்கினார். அப்போதுதான் தாய்ப்பால் மறந்த 15 குழந்தைகள் அதில் இருந்தார்கள். பால், முட்டை, இறைச்சி, ஈரல், மீன், தானியங்கள், காய்கள், பழங்கள் என்று 34 வகை உணவுகளின் பட்டியல் தயாரானது. அதிலிருந்து பலவற்றைத் தனித்தனிக் கிண்ணங்களில் வேளைதோறும் குழந்தையின் முன் வைத்தார்கள். பக்கத்தில் ஒரு நர்ஸ் கையில் ஸ்பூனுடன் உட்கார்ந்திருப்பார். அவர் எதையும் ஊட்டக்கூடாது, “இதைச் சாப்பிடு” என்று ஜாடைகூடக் காட்டக்கூடாது. குழந்தை ஒரு கிண்ணத்துக்குக் கை நீட்டினால் அதிலிருந்து ஒரு ஸ்பூன் எடுக்கலாம். வாயைத் திறந்தால் மட்டும் ஊட்டலாம்.

குழந்தைகள் நம் கண்ணுக்கு விசித்திரமாகத்தான் சாப்பிட்டார்கள். காலையில் ஆரஞ்சுச் சாறும் ஈரலும், இரவில் முட்டைகளும் வாழைப்பழமும் என்று ஆளுக்கொரு விதம். ஆனால் 15 பேருமே நன்றாக வளர்ந்தார்கள். 1939-ல் இந்த முடிவுகளைத் தொகுத்து எழுதியபோது டேவிஸ் முக்கியமான ஒன்றைச் சுட்டிக்காட்டினார். சூட்சுமம் உணவுப் பட்டியலில் இருந்தது. அதில் சர்க்கரை இல்லை, மாவும் இனிப்பும் சேர்த்துச் செய்த பண்டம் எதுவும் இல்லை. எதை எடுத்தாலும் நல்ல உணவு என்பதால் குழந்தையின் தேர்வு தவறவில்லை.

என்ன உணவு, எந்த நேரம், எந்த இடம் என்பதெல்லாம் பெரியவர்கள் முடிவு செய்ய வேண்டியவை. எவ்வளவு என்பதைக் குழந்தையிடம் விட்டுவிட வேண்டும். நம் வீடுகளில் பெரும்பாலும் இது தலைகீழாக நடக்கிறது. பிஸ்கட்டா சிப்ஸா என்பதைக் குழந்தை முடிவு செய்கிறது, இன்னும் எத்தனை வாய் என்பதை நாம் முடிவு செய்கிறோம்.

அந்தக் கடைசி வாய்களை உள்ளே தள்ளத்தான் செல்போன் வருகிறது. கார்ட்டூனில் கண் பதிந்த பிள்ளை வாயைத் திறக்கும், விழுங்கும். ஆனால் என்ன சாப்பிட்டோம், வயிறு நிறைந்ததா என்பது எதுவும் அதற்குத் தெரியாது. இரண்டு வயது வரை திரையே வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2019-லேயே சொல்லிவிட்டது. ‘போன் இல்லாவிட்டால் ஒரு வாய் இறங்காது’ என்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன்: போனை நிறுத்தினால் சில நாட்கள் நிஜமாகவே குறைவாகத்தான் சாப்பிடும். அந்தச் சில நாட்களைப் பல்லைக் கடித்துக்கொண்டு தாண்டிவிடுங்கள்.

தரையில் ஒரு பழைய சேலையை விரித்து, குடும்பத்தோடு பிள்ளையையும் உட்கார வையுங்கள். ஒரு இட்லியைத் தட்டில் வைத்துவிட்டு வேடிக்கை பாருங்கள். முதலில் விரலால் குத்தும், பிசையும், மோந்து பார்க்கும். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்ந்து ஒரு துணுக்கைக் கிள்ளும், பாதி வழியில் அது கீழே விழும். அடுத்த துணுக்கு வாய்க்குப் போகும். சாம்பார் தலைமுடி வரைக்கும் ஏறும். ஏறட்டும். கையும் கண்ணும் வாயும் ஒன்றுசேர்ந்து வேலை செய்யப் பழகுவது இப்படித்தான். கீரையை இன்று துப்பிவிட்டால் நாளை மறுநாள் ஒரு ஸ்பூன் மட்டும் மறுபடி வையுங்கள். எட்டுப் பத்து முறை பார்த்துப் பழகிய பிறகே பல குழந்தைகள் புது உணவை ஏற்றுக்கொள்கின்றன. முழு வேர்க்கடலை, முழுத் திராட்சை மட்டும் வேண்டவே வேண்டாம், தொண்டையில் சிக்கிவிடும். கடலையைப் பொடித்தும் திராட்சையை நீளவாக்கில் நறுக்கியும் கொடுங்கள்.

‘சோறுதான் சாப்பிடலையே’ என்று பாலை ஊற்றி ஊற்றிக் கொடுப்பது நம் வீடுகளின் பெரிய வழக்கம். இந்த வயதுக்கு ஒரு நாளைக்கு வேண்டியது ஏறக்குறைய 1,000 கலோரி. ஒரு லிட்டர் பாலிலேயே 600-க்கு மேல் போய்விடுகிறது, சர்க்கரையும் சத்துப் பவுடரும் கலந்தால் இன்னும் கூடும். பிறகு எங்கிருந்து பசிக்கும்? நாளுக்கு 8 மில்லிகிராம் இரும்புச்சத்து தேவைப்படும் வயதில், ஒரு லிட்டர் பாலில் ஒரு மில்லிகிராம்கூடத் தேறாது. மற்ற உணவிலிருந்து இரும்பு உடலில் சேர்வதையும் பால் தடுக்கும். 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் நூற்றுக்கு 57 பேருக்கு ரத்தசோகை. அரசு சொல்வது வாரம் இருமுறை 1 மில்லி இரும்புச்சத்து சிரப். வீட்டில் அலமாரியின் மேல்தட்டில் தூங்கும் அந்த பாட்டிலை இன்றே எடுத்துத் தேதி பாருங்கள். அதைக் குடித்தால் மலம் கறுப்பாகப் போகும், பயப்பட வேண்டாம். பாலை நாளுக்கு அரை லிட்டருக்குள் நிறுத்துங்கள். முட்டை, பருப்பு, ராகி, முருங்கைக்கீரை, மீன், ஈரல் எல்லாம் தட்டுக்கு வரட்டும். கூடவே ஒரு கொய்யாத் துண்டோ எலுமிச்சைத் துளியோ இருந்தால் இரும்பு நன்றாகச் சேரும்.

எடை குறைந்தாலோ, மாதக்கணக்கில் ஏறாமலே நின்றாலோ, ஒன்றரை வயதிலும் கூழாகக் கரைத்தால்தான் விழுங்க முடிந்தாலோ, மண்ணையும் சாம்பலையும் தேடித் தின்றாலோ டாக்டரைப் பார்ப்பதைத் தள்ளிப்போடக் கூடாது. மற்றபடி, தாய் சேய் நல அட்டையை எடுத்துக்கொண்டு அங்கன்வாடிக்குப் போய் மாதம் ஒருமுறை எடை பாருங்கள். கோடு பச்சைப் பட்டைக்குள் மேலேறிக்கொண்டிருந்தால், மீந்துபோன நாலு வாய்ச் சோற்றுக்காகப் பிள்ளையைத் துரத்தாதீர்கள். தட்டை எடுத்துவிடுங்கள், அடுத்த வேளை பசியோடு வந்து உட்காரட்டும்.