5 ஆயிரம் ராணிகளைக் கடத்திய வாலிபர்கள்!

ஆப்பிரிக்காவில் உள்ள கென்யா நாடு, யானைக்கும் சிங்கத்துக்கும் பேர் போனது. அங்கே வன அதிகாரிகள் ஒரு விடுதியில் சோதனை போடுகிறார்கள் என்றால், யானைத் தந்தத்தையோ காண்டாமிருகக் கொம்பையோ தேடுகிறார்கள் என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள்.

2025-ம் ஆண்டு ஏப்ரல் 5-ந் தேதி, நகுரு மாவட்டத்தில் ஒரு விடுதியில் சோதனை நடந்தது. அங்கே தந்தம் இல்லை. கொம்பும் இல்லை. எறும்புகள் இருந்தன!

எல்லாம் ராணி எறும்புகள். மொத்தம் 5 ஆயிரம்! 2,244 சிறு குழாய்களில், பஞ்சு வைத்து, உயிரோடு அடைக்கப்பட்டு இருந்தன. அவற்றை வைத்திருந்தவர்கள் பெல்ஜியம் நாட்டைச் சேர்ந்த இரண்டு வாலிபர்கள். இருவருக்கும் வயது 19.

எறும்பைக்கூடக் கடத்துவார்களா? கடத்துவார்கள். ராணி எறும்பு எப்படிப்பட்டது என்று தெரிந்தால், அதற்குக் காரணம் புரியும்.

வானத்தில் கலியாணம்

மழை பெய்து ஓய்ந்ததும் விளக்கைச் சுற்றி ஈசல் பறப்பதைப் பார்த்து இருப்பீர்கள். ஈசல் என்பது சிறகு முளைத்த கறையான். எறும்புகளுக்கும் இப்படி ஒரு நாள் உண்டு.

புற்றில் வேலை செய்யும் எறும்புகளுக்குச் சிறகு கிடையாது. ஆனால் பருவம் வந்ததும், சில பெண் எறும்புகளும் ஆண் எறும்புகளும் சிறகோடு உருவாகும். மழை பெய்து, மண் இளகி, காற்று அடங்கிய நேரத்தில் அவை வெளியே வரும். ஒரு வட்டாரத்தில் உள்ள பல புற்றுகளில் இருந்தும் ஒரே சமயத்தில் கிளம்பும். அப்போதுதானே ஒரு புற்றின் பெண்ணுக்கு இன்னொரு புற்றின் மாப்பிள்ளை கிடைப்பான்!

கலியாணம் முடிந்ததும் மாப்பிள்ளையின் வாழ்வும் முடிந்துவிடும். சில நாட்களுக்குள் ஆண் எறும்பு இறந்துபோகும். பெண் எறும்பு தரையில் இறங்கி, தன் சிறகுகளைத் தானே உதிர்த்துவிடும். இனி அது ராணி. அதற்குப் பறக்கும் வேலை இல்லை.

பட்டினி கிடக்கும் தாய்

பெரும்பாலான வகைகளில், ராணி மண்ணுக்குள் ஒரு சிறு அறை தோண்டும். உள்ளே போய் வாசலை அடைத்துக்கொள்ளும். தன்னந்தனியாக முட்டை இடும். இரை தேட வெளியே வராது.

அது எப்படி உயிர் வாழ்கிறது? பறப்பதற்கு உதவிய தசைகள் உடலுக்குள்ளேயே கரைந்து உணவாகின்றன. அதைக்கொண்டு தானும் வாழ்ந்து, முதல் பிள்ளைகளையும் வளர்க்கிறது. அந்தப் பிள்ளைகள் வெளியே போய் இரை கொண்டுவந்த பிறகுதான் தாயின் பட்டினி தீரும்.

கலியாண நாளில் பெற்ற உயிரணுக்களை ராணி தன் உடலில் சேமித்து வைத்துக்கொள்ளும். அதை வைத்தே ஆயுள் முழுவதும் முட்டை இடும். ஐரோப்பாவில், வளர்ப்பில் இருந்த ஒரு கருப்பு எறும்பு ராணி 28 ஆண்டுகளுக்கு மேல் உயிரோடு இருந்தது!

கண்ணாடிக் குழாயில் அரண்மனை

நம்மவர்கள் தொட்டியில் மீன் வளர்ப்பது போல, மேல்நாடுகளில் பலர் எறும்பு வளர்க்கிறார்கள். அது ஒரு பொழுதுபோக்கு.

கலியாணப் பருவத்தில், மழை விட்டதும் அவர்கள் தரையைப் பார்த்தபடியே நடப்பார்கள். மற்ற எறும்புகளைவிடப் பெரிய உடல், பெருத்த மார்பு, சிறகு உதிர்ந்த தழும்பு. இப்படி ஓர் எறும்பு இடம் தேடித் தனியாக ஓடினால், அதுதான் ராணி.

ஒரு கண்ணாடிக் குழாயின் அடியில் தண்ணீர் ஊற்றி, அதைப் பஞ்சால் அடைப்பார்கள். பஞ்சு எப்போதும் ஈரமாக இருக்கும். ராணியை உள்ளே விட்டு, வாயையும் பஞ்சால் மூடுவார்கள். பிறகு இருட்டில் வைத்துவிடுவார்கள். மண்ணறை என்று நினைத்து ராணி அங்கேயே முட்டை இடும்.

தன் ஊர் எறும்பில் ஒன்றிரண்டைப் பிடித்து வளர்ப்பதால் பெரிய கேடு இல்லை. அயல்நாட்டு எறும்பு மீது ஆசை வைக்கும்போதுதான் வம்பு பிறக்கிறது.

கென்யாவின் அறுவடை எறும்பு பார்வைக்கு அழகானது. சிவப்பும் கருப்பும் கலந்தது. அதன் ராணி ஏறக்குறைய ஓர் அங்குல நீளம் இருக்கும். இங்கிலாந்தில் அப்படி ஒரு ராணிக்கு 170 பவுன் வரை விலை சொல்லப்பட்டது என்று பத்திரிகைகள் எழுதின. ஒரே ஓர் எறும்புக்கு!

கோர்ட்டில் நடந்தது என்ன?

"இது குற்றம் என்று எங்களுக்குத் தெரியாது. வேடிக்கைக்காகச் சேர்த்தோம்" என்ற பொருளில் வாலிபர்கள் கோர்ட்டில் சொன்னார்கள். கோர்ட்டு அதை ஏற்கவில்லை. 5 ஆயிரம் எறும்பைச் சேர்ப்பது பொழுதுபோக்கா?

கென்யாவின் 2013-ம் ஆண்டு வன உயிர்ச் சட்டப்படி, அனுமதி இல்லாமல் அவற்றை வைத்திருப்பது குற்றம். மே 7-ந் தேதி தீர்ப்பு வந்தது. தலைக்கு 10 லட்சம் கென்ய ஷில்லிங் அபராதம். கட்டத் தவறினால் 12 மாதம் ஜெயில்! 400-க்கும் மேற்பட்ட எறும்புகளுடன் பிடிபட்ட வேறு இருவருக்கும் இதே தண்டனை கிடைத்தது.

இரண்டு பக்கமும் நஷ்டம்

சின்ன எறும்புக்கு இவ்வளவு பெரிய தண்டனையா என்று கேட்கலாம்.

பறந்து கிளம்பும் ராணிகளில் பெரும்பாலானவை பறவைக்கும் பல்லிக்கும் இரையாகிவிடும். தப்பிப் பிழைப்பது மிகச் சில. அந்தச் சிலவற்றால்தான் புதிய புற்றுகள் உண்டாகின்றன. ஆயிரக்கணக்கில் வாரிக்கொண்டு போனால், அந்தச் சிலவும் போய்விடும் அல்லவா?

அறுவடை எறும்புகள் புல் விதைகளைச் சுமந்துபோய்ச் சேமிக்கின்றன. வழியில் சிந்தும் விதை முளைக்கிறது. அவை தோண்டும் வளைகளால் மண்ணுக்குள் காற்றும் தண்ணீரும் இறங்குகின்றன. எறும்பு குறைந்தால் புல்வெளிக்கு நஷ்டம்.

எறும்பு போய்ச் சேரும் நாட்டுக்கும் ஆபத்து உண்டு. 1930-களில், தென் அமெரிக்காவின் செந்நெருப்பு எறும்பு, அமெரிக்காவின் மொபீல் துறைமுகம் வழியாக உள்ளே புகுந்தது. பிறகு தென் மாநிலங்கள் எங்கும் பரவிவிட்டது. அதை ஒழிக்க அமெரிக்காவால் இன்றுவரை முடியவில்லை.

அடுத்த மழை விட்டதும் உங்கள் வாசலில் பாருங்கள். சிறகு உதிர்ந்த பெரிய எறும்பு ஒன்று இடம் தேடி ஓடலாம். பிள்ளைகளைக் கூப்பிட்டுக் காட்டுங்கள். மிதித்துவிடாமல் வழி விடுங்கள். போவது ராணி!