வலிக்கும் பாதமும் வலியறியாப் பாதமும்

மயிலாடுதுறைக்கும் கும்பகோணத்திற்கும் இடையே, காவிரியின் தென்கரையில் அமைந்துள்ளது குத்தாலம். உத்தாலம் என்னும் மரத்தின் பெயரே ஊர்ப் பெயராயிற்று என்பர். அம்மரத்தடியில் இறைவன் தம் மிதியடிகளை விட்டுச் சென்றார் என்பது அவ்வூர்ச் சிவாலயத்தின் தலபுராணம். மிதியடிக்கு இத்துணைச் சிறப்பளிக்கும் வட்டாரத்திலே, நம் இல்லங்களில் மிகக் குறைவாகக் கவனிக்கப்படும் உறுப்பு எதுவெனில் அது பாதமே எனலாம். கண் மங்கினால் கண்ணாடி வாங்குகிறோம். பல் வலித்தால் மருத்துவரிடம் ஓடுகிறோம். குதிகால் வலித்தாலோ, 'வயதாகிவிட்டது' என்ற ஒரே சொல்லோடு அமைந்துவிடுகிறோம்.

குறுவைக்கும் சம்பாவுக்கும் நாற்று நடும் தாய்மார், அரிசி ஆலைகளில் நாள் முழுதும் நிற்கும் தொழிலாளர், சிமெண்டுத் தரையில் நின்றே சமைக்கும் இல்லத்தரசிகள், கரும்பலகைமுன் நின்று கற்பிக்கும் ஆசிரியர் ஆகியோரிடையே இவ்வலி மிகுதி. அண்மைக் காலமாக, 'காலணிக்குள் வைத்துக்கொள்ள ஏதோ மெத்தை விற்கிறார்களாமே, வாங்கலாமா?' என்று பலர் கேட்கின்றனர். கடைக்காரர் 'இன்சோல்' என்று கூறும் அப்பொருளைப் பற்றியும், அதனைத் தெரிவு செய்யும் முறை பற்றியும் இங்கே சற்று விரிவாகக் காண்போம்.

பாதத்தின் அமைப்பு

ஒரு பாதத்தில் 26 எலும்புகள் உள்ளன. அவை வளைவாக அடுக்கப்பட்டு, நம் உடற்பாரத்தைக் குதிகாலுக்கும் முன்பாதத்துக்கும் பகிர்ந்தளிக்கின்றன. அவ்வளைவு சரிந்துவிடாதபடி, வில்லின் நாணைப் போன்று, குதிகாலிலிருந்து விரல்களின் அடிவரை வலிமையான சவ்வொன்று உள்ளங்காலில் இழுத்துக் கட்டப்பட்டுள்ளது. நெடுநேரம் நிற்பதாலும், உடல் எடை கூடுவதாலும், கெண்டைக்கால் தசை இறுகுவதாலும் இச்சவ்வு குதிகாலோடு சேருமிடத்தில் நைந்து வலி தோன்றுகிறது. இதனையே நம் மக்கள் குதிகால் வாதம் என்கின்றனர். காலையில் எழுந்து முதலடி வைக்கும்போது ஊசி குத்துவதுபோல் வலிப்பதும், பத்தடி நடந்தபின் அது தணிவதும், நெடுநேரம் நின்றபின் மீண்டும் தோன்றுவதும் இதன் அடையாளங்கள். ஊடுகதிர்ப் படத்தில் குதிகால் எலும்பு சற்று நீண்டு முள்போல் காணப்பட்டால் அஞ்சற்க. வலியே இல்லாத பலரிடத்தும் அம்முள் காணப்படுவதுண்டு.

குழந்தைகளைப் பற்றியும் ஒரு சொல். சிறுவர்களுக்குப் பாதம் தட்டையாய் இருக்கிறதென்று பெற்றோர் கவலையுற்று, விலையுயர்ந்த காலணிகளைத் தேடுகின்றனர். மங்களூரில் 4 முதல் 13 வயது வரையுள்ள 2,300 சிறுவர் சிறுமியரின் பாதங்களை ஆராய்ந்து 1992-இல் மருத்துவர்கள் வெளியிட்ட கட்டுரை நாம் அறிய வேண்டியதொன்று. காலணி அணிந்து வளர்ந்தவரிடையே 8.6 விழுக்காட்டினருக்குத் தட்டைப்பாதம் இருந்தது; வெறுங்காலோடு வளர்ந்தவரிடையே 2.8 விழுக்காட்டினருக்கே இருந்தது. ஆகவே, வலியின்றி ஓடியாடும் பிள்ளைக்கு இன்சோல் எதுவும் தேவையில்லை. முற்றத்திலும் மணலிலும் ஓடவிடுவதே அப்பாதங்களுக்கு நல்ல பயிற்சி.

தமிழகம் கண்ட மென்மை

பாதத்துக்கு இதமளிக்கும் மெத்தை என்றதும், அது மேல்நாட்டு விளையாட்டு வீரர்களுக்கென வந்த பொருள் என்று எண்ணுவோர் உளர். ஆயினும் இத்துறையில் மிகச் சிறந்த பணியொன்று நம் தமிழ்நாட்டிலேயே, அதுவும் ஏழையரினும் ஏழையரான தொழுநோயாளருக்காக நடந்தேறியது.

மருத்துவர் பால் பிராண்ட் 1914-இல் கொல்லிமலையில் மறைப்பணியாளர் குடும்பத்தில் பிறந்தவர். 1946-இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்து பணியேற்றார். தொழுநோயாளரின் விரல்களும் பாதங்களும் நோயினாலேயே அழுகி உதிர்கின்றன என்று உலகம் நம்பியிருந்த காலம் அது. அவரும் அவருடன் உழைத்தோரும் கூர்ந்து நோக்கி உண்மையை வெளிப்படுத்தினர். நரம்புகள் செயலிழப்பதால் நோயாளிக்கு வலி தெரிவதில்லை. வலி தெரியாமையால் கல்லும் முள்ளும் தீயும் காலை அழிக்கின்றன. ஒரே இடத்தில் ஓயாது விழும் அழுத்தமே புண்ணாகிறது. வலி என்பது பகையன்று, காவலன் என்னும் பேருண்மை இவ்வாறு விளங்கிற்று.

மொலோக்காய்த் தீவில் தொழுநோயாளரோடு வாழ்ந்த புனித தமியானின் வரலாற்றை அறிந்தோர்க்கு இது புதிதன்று. 1884-இல் அவர் கொதிநீரில் கால் வைத்தபோது, தோல் கொப்புளித்தும் வலி தெரியவில்லை. அவ்வாறே தமக்கும் அந்நோய் உண்டென அறிந்துகொண்டார்.

வலியறியாத பாதத்தைக் காப்பது எவ்வாறு? அழுத்தத்தை ஓரிடத்தில் குவியவிடாமல் உள்ளங்கால் முழுவதும் பரப்புவதே வழி. ஒரே எடைதான்; சிறிய இடத்தில் விழுந்தால் புண்ணாக்கும், பரந்த இடத்தில் விழுந்தால் தாங்கத்தக்கதாகும். இதற்கெனத் தெரிவு செய்யப்பட்டதே நுண்ணறை ரப்பர். எண்ணற்ற சிறு காற்றறைகளைக் கொண்டதாதலின், மிதித்தால் அமுங்கி, காலை எடுத்தால் மீண்டும் எழும். ரப்பரின் கடினத்தை அளக்கும் ஷோர் கருவியில் இது சுமார் 15 பாகை காட்டும். இம்மெல்லிய ரப்பரின்கீழ் முள் ஊடுருவாத கடினமான அடித்தோல், ஆணி சிறிதும் இல்லாத ஒட்டுவேலை, தளர்த்தவும் இறுக்கவும் கூடிய வார், குதிகாலுக்குப் பின்வார் என்பனவே இம்மிதியடியின் இலக்கணம். வேலூருக்கு அருகே காரிகிரியில் 1955-இல் தொடங்கப்பெற்ற ஷீஃப்லின் தொழுநோய் ஆய்வு நிலையம் இப்பணியில் பெயர் பெற்றது. நம் பகுதியில், கும்பகோணத்தை அடுத்த சாக்கோட்டையிலுள்ள திரு இருதயத் தொழுநோய் மருத்துவமனையும் இந்நோயாளருக்குத் தொண்டாற்றி வந்துள்ளது. தேசியத் தொழுநோய் ஒழிப்புத் திட்டத்தின்கீழ், உணர்விழந்த பாதங்களையுடையோருக்கு இம்மிதியடிகள் இலவசமாக வழங்கப்படுகின்றன.

தொழுநோயாளருக்கென அமைந்த இதே ரப்பர் இன்று நீரிழிவு நோயாளரின் பாதங்களையும் காக்கிறது. முன்னர்ப் பாதப்புண் வந்து ஆறிய 241 நீரிழிவு நோயாளரிடையே சென்னை இராயபுரத்து நீரிழிவு மருத்துவமனை மேற்கொண்ட ஆய்வு 2004-இல் வெளியாயிற்று. நுண்ணறை ரப்பர் முதலிய மென்மையான உள்ளட்டைகளைக் கொண்ட காலணிகளை அணிந்தோருக்கு, கெட்டியான தோலட்டைச் செருப்பணிந்தோரைவிட மிகக் குறைவாகவே புதிய புண்கள் தோன்றின.

தெரிவு செய்யும் முறை

இனி, கடைக்குச் செல்லுமுன் நாம் மனத்திற்கொள்ள வேண்டியவற்றை ஒவ்வொன்றாகக் காண்போம்.

முதலாவதாக, நம் பாதத்தில் உணர்வு உண்டா என அறிதல் வேண்டும். இதுவே தலையாயது. நீரிழிவு உடையோர், காலில் மதமதப்போ எரிச்சலோ உள்ளோர், செருப்பு கழன்றதுகூடத் தெரியாமல் நடப்போர் ஆகியோர் கடையில் தாமாக எதையும் வாங்கலாகாது. மருத்துவமனையில் 10 கிராம் அழுத்தம் தரும் மெல்லிய நைலான் இழையால் உள்ளங்காலைத் தொட்டுச் சோதிப்பர். சில நிமிடங்களில் முடியும் சோதனை அது. அவ்விழை தொடுவது தெரியாதவருக்கு, நடுவில் கெட்டியாக மேடிட்ட சாதாரண இன்சோலே புண்ணை உண்டாக்கிவிடலாம். அவர்களுக்கு வேண்டுவது மருத்துவர் எழுதித் தரும் மென்மையான மிதியடியே.

இரண்டாவதாக, உணர்வு நன்றாயிருந்து குதிகால் மட்டும் வலிப்பவர், முதலில் தம் காலணியைச் சோதிக்க வேண்டும். இரு கைகளாலும் பிடித்து ஈரத்துணியைப் பிழிவதுபோல் முறுக்கிப் பாருங்கள். எளிதில் முறுக்கிக்கொண்டால் அது பயனற்றது. விரல்கள் மடங்கும் இடத்தில் வளைய வேண்டுமேயன்றி நடுவில் மடியலாகாது. தளர்ந்த காலணிக்குள் நல்ல இன்சோல் வைப்பது, உளுத்த கட்டிலில் புது மெத்தை விரிப்பதை ஒக்கும்.

மூன்றாவதாக, மென்மையே நன்மை என்று எண்ணற்க. கட்டைவிரலால் அழுத்தியவுடன் அடிவரை அமுங்கிவிடும் பஞ்சு போன்ற அட்டை, உடற்பாரத்தின்கீழ் சில நாட்களிலேயே தட்டையாகிவிடும். குதிகாலுக்குச் சற்று மென்மையும், உள்வளைவுக்குச் சற்று உறுதியும், குதிகாலைச் சுற்றிக் கிண்ணம் போன்ற விளிம்பும் உடையதே தக்கது.

நான்காவதாக, மாலை வேளையில் வாங்கச் செல்க. பகல் முழுதும் உழைத்த பாதம் அப்போது சற்றுப் பருத்திருக்கும். அணியும் காலணியைக் கையோடு கொண்டு செல்க. அதனுள் உள்ள பழைய அட்டை கழலுமாயின் அதனை எடுத்துவிட்டே புதியதை வைக்க வேண்டும். இல்லையேல் இடம் குறுகி விரல்கள் உரசும். நீளம் மிகுந்தால் பழைய அட்டையை அளவாக வைத்து விரற்பக்கத்தில் வெட்டிக்கொள்ளலாம்.

ஐந்தாவதாக, விலையைப் பற்றி. பாதத்தை அச்செடுத்துத் தனியே செய்து தரும் இன்சோலுக்குப் பெருந்தொகை கேட்பர். சாதாரணக் குதிகால் வலியைப் பொறுத்தவரை, ஆயத்தமாகக் கிடைக்கும் நல்ல இன்சோலுக்கும் அச்செடுத்துச் செய்ததற்கும் பயனில் பெரிய வேறுபாடு இல்லை என்றே ஆய்வுகள் காட்டியுள்ளன. ஆதலின் எளியதையே முதலில் முயல்க. பிள்ளைகளின் பள்ளிக் கட்டணத்தை இதில் செலவிட வேண்டுவதில்லை.

ஆறாவதாக, முதல் நாளே முழுநேரமும் அணியாதீர்கள். ஓரிரு மணி நேரத்தில் தொடங்கி, ஒரு வாரத்தில் சிறிது சிறிதாகக் கூட்டுக. புதிய இடத்தில் வலியோ, மறையாத சிவப்புத் தழும்போ தோன்றினால் நிறுத்திவிடுக.

நம் தாய்மாரில் பெரும்பாலோர் அணிவது இரு வார் ரப்பர்ச் செருப்பு. அதில் இன்சோல் நிற்காது. கழலாமலிருக்க விரல்களால் பற்றிக்கொண்டே நடப்பதால் வலியும் மிகும். அத்தகையோர் உள்வளைவு அமைந்த, பின்வார் உள்ள செருப்பொன்றை வாங்குவதே மேல். வீட்டினுள் செருப்பணிவது வழக்கமன்று என்பது உண்மையே. எனினும், வெளியில் அணியாத சுத்தமான மிதியடி ஒன்றைச் சமையலறைக்கென வைத்துக்கொள்வதால் எந்த மரபும் கெட்டுவிடாது.

இன்சோல் ஒன்றே மருந்தன்று. காலையில் படுக்கையை விட்டு எழுமுன், முன்பாதத்தில் துண்டைக் கொடுத்து அரை நிமிடம் தம்மை நோக்கி இழுத்துப் பிடிக்க வேண்டும். சுவரில் கையூன்றி நின்று கெண்டைக்காலை நீட்டும் பயிற்சியும் நன்று. நாள்தோறும் செய்துவந்தால், பெரும்பாலோருக்குச் சில மாதங்களில், தவறினால் ஓராண்டுக்குள் குணம் காணும். வீக்கம், சிவப்பு, காய்ச்சல், இரவிலும் ஓயாத வலி இவற்றுள் எது இருப்பினும் மருத்துவரை நாடுக.

நேர்ச்சையும் பாதமும்

ஆண்டுதோறும் ஆகஸ்டு 29-இல் வேளாங்கண்ணியில் கொடியேறும். செப்டம்பர் 8 அன்னையின் பிறப்பு விழா. அந்நாட்களில் காவியுடுத்தி, வெறுங்காலோடு நடந்து செல்லும் பக்தர் கூட்டத்தைச் சாலையெங்கும் காண்கிறோம். அப்பற்றுறுதியைக் கண்டு நம் உள்ளம் உருகுகிறது. ஆயினும், அக்கூட்டத்தில் நீரிழிவால் உணர்விழந்த பாதங்களும் உண்டு என்பதை எண்ணுகையில் அச்சமும் எழுகிறது. உச்சி வெயிலில் தார்ச்சாலையின் சூடு அவர்களுக்குத் தெரியாது. கொப்புளம் உடைந்து சீழ் வைத்த பின்னரே வீட்டார் காண்பர். சில வேளை விரலை, சில வேளை காலையே எடுக்க நேரிடுகிறது.

'நேர்ந்துகொண்டேனே, மீறலாமா?' என்று கேட்போருக்குத் திருச்சபையே தெளிவான விடை வைத்துள்ளது. 1983-ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத்தொகுப்பின் 1197-ஆம் விதிப்படி, தனிப்பட்ட நேர்ச்சையைச் செய்தவர் அதனை அதற்கு இணையான அல்லது அதினும் மேலான நற்செயலாகத் தாமே மாற்றிக்கொள்ளலாம். நேர்மையான காரணமிருப்பின், பங்குத்தந்தை தம் மக்களுக்கு அதிலிருந்து விலக்களிக்கலாம் என்கிறது 1196-ஆம் விதி. ஆகவே, உணர்வற்ற பாதத்தையுடையோர் தயங்காமல் தம் பங்குத்தந்தையை அணுகுக. மிதியடி அணிந்து நடப்பதோ, பேருந்தில் சென்று அத்தொகைக்கு ஈடாக ஏழை நோயாளி ஒருவருக்கு மிதியடி வாங்கித் தருவதோ அன்னைக்கு ஏற்ற காணிக்கையே. அவ்வாறே, ஆலய வாயிலில் எல்லாரும் காலணியைக் கழற்றினும், நோயுற்றோர் தூய மிதியடியோடு உள்ளே வருவதை எவரும் குறை கூறலாகாது.

தம் சீடரின் பாதங்களைக் கழுவித் துடைத்தவர் நம் ஆண்டவர். அச்செயலை ஆண்டுக்கொருமுறை பெரிய வியாழனன்று ஆலயத்தில் காண்கிறோம். இல்லங்களிலோ அதனை ஒவ்வோர் இரவும் நிறைவேற்றலாம். முதிய தாய் தந்தையர் தம் உள்ளங்காலைத் தாமே குனிந்து காண இயலாது. மகனோ மருமகளோ பேரப்பிள்ளையோ அவர்தம் பாதங்களை மடியில் ஏந்தி, வெடிப்போ கொப்புளமோ சிவப்போ உண்டா என விளக்கொளியில் பார்த்து, விரலிடுக்குகளை ஈரமற்றுத் துடைத்து, குதிகாலுக்குச் சிறிது தேங்காயெண்ணெய் தடவுக; மறுநாள் அணியும் செருப்பினுள் கல்லோ முள்ளோ இல்லையென்று கைவிட்டுப் பார்த்து வைக்க. ஐந்து நிமிடப் பணியே அது. இரவுச் செபம் முடிந்தவுடன் இதனைச் செய்யும் வழக்கத்தை நம் குடும்பங்கள் இன்றே தொடங்குவனவாக.