மேல்நோக்கித் திறக்கும் கார்க் கதவு: பொருத்தும் முறை, பாதுகாப்பு, சட்டநிலை

மேல்நோக்கித் திறக்கும் கதவு என்பது, வழக்கமான கதவைப் போலப் பக்கவாட்டில் விரியாமல், முன்முனையில் உள்ள கீலைச் சுற்றி மேலே எழும் கார்க் கதவு ஆகும். இது கத்தரிக்கோல் கதவு எனவும் செங்குத்துக் கதவு எனவும் அழைக்கப்படுகிறது. இத்தாலியின் லம்போர்கினி கார்களால் புகழ்பெற்றமையால், 'லம்போ டோர்' என்ற பெயரும் வழக்கில் உண்டு. சாதாரணக் கார்களிலும் இத்தகைய கதவை அமைப்பதற்கான மாற்றுக் கீல் தொகுப்புகள் கடைகளிலும் இணையத்திலும் விற்கப்படுகின்றன. இவற்றை வீட்டிலேயே பொருத்த எண்ணுவோர் முதலில் அறிய வேண்டியது ஒன்று உண்டு. கதவு அலங்காரப் பொருள் அன்று. விபத்தில் உள்ளிருப்போரைக் காக்கும் உறுப்பு.

தோற்றம்

1954இல் வெளிவந்த மெர்சிடிஸ் பென்ஸ் 300 எஸ்எல் காரின் கதவுகள் கூரையில் கீல் கொண்டு, பறவையின் சிறகுபோல மேலே திறந்தன. கத்தரிக்கோல் கதவு இதிலிருந்து வேறுபட்டது. இத்தாலிய வடிவமைப்பாளர் மார்செல்லோ காந்தினி, 1968இல் ஆல்பா ரோமியோ கராபோ என்னும் மாதிரிக் காரில் இதனை அமைத்தார். அவரே வடிவமைத்த லம்போர்கினி கவுண்டாக் காரின் மாதிரி 1971இல் ஜெனீவா கண்காட்சியில் வைக்கப்பட்டது. 1974 முதல் அந்தக் கார் விற்பனைக்கு வந்தது.

கவுண்டாக் மிக அகலமான, தாழ்வான கார். அதன் பின்புறக் காட்சியும் மிகக் குறைவு. கதவை மேலே தூக்கிவிட்டு, வெளியே தலையை நீட்டிப் பின்னால் பார்த்தபடி ஓட்டுநர் காரைப் பின்னோக்கி எடுக்க முடிந்தது. அதாவது, இந்த வடிவம் ஒரு தேவைக்காகவும் பிறந்தது. இக்கார்களின் உடற்கூடும் கீலும் தொடக்கத்திலிருந்தே ஒன்றுக்கொன்று பொருந்துமாறு வடிவமைக்கப்பட்டவை.

இயங்கும் விதம்

சாதாரணக் கதவின் முன்விளிம்பு, முன்சக்கரத்தை மூடும் தகட்டின் உட்புறம் சற்றுப் புகுந்திருக்கும். எனவே நேராக மேலே தூக்கினால் தகட்டில் இடிக்கும். இதனால் மாற்றுக் கீல்கள் பெரும்பாலும் இரண்டு கட்டங்களாக இயங்குகின்றன. முதலில் கதவு சற்று வெளியே நகரும். பிறகு மேலே எழும். எழுந்த கதவைத் தாங்கி நிற்பது அழுத்த வாயு அடைத்த தண்டு. காரின் டிக்கி மூடியைத் தாங்குவதும் இதே வகைத் தண்டுதான்.

பள்ளிப் பாடத்தில் வரும் திருப்புத்திறனைக் கொண்டு இதன் சுமையைக் கணக்கிடலாம். எடுத்துக்காட்டாக, 25 கிலோ நிறையுள்ள கதவின் ஈர்ப்பு மையம் கீலிலிருந்து 50 செ.மீ. தொலைவில் இருப்பதாகக் கொள்வோம். திருப்புத்திறன் 25 × 9.8 × 0.5, அதாவது சுமார் 122 நியூட்டன் மீட்டர். வாயுத் தண்டின் விசை கீலிலிருந்து 15 செ.மீ. செங்குத்துத் தொலைவில் செயல்பட்டால், அது ஏறத்தாழ 817 நியூட்டன் விசை தர வேண்டும். இது 83 கிலோ எடைக்குச் சமம். இவ்வளவு விசையையும் சிறிய இணைப்புப் போல்ட்டுகளே தாங்குகின்றன. நாளடைவில் தண்டில் வாயு கசிந்தால், கதவு திடீரெனத் தலையிலோ கையிலோ விழும்.

பொருத்தும் படிநிலைகள்

1. பேட்டரியின் எதிர்முனை இணைப்பைக் கழற்றுதல். காற்றுப்பை உள்ள கார்களில், கையேட்டில் கூறிய நேரம் காத்திருக்க வேண்டும்.
2. முன்சக்கரத்தின் மேலுள்ள தகட்டையும் உட்புற பிளாஸ்டிக் உறையையும் கழற்றுதல்.
3. கதவின் அடியில் துணி சுற்றிய தாங்கி வைத்து, ஒருவர் பிடித்துக்கொள்ள மற்றவர் பழைய கீல்களைக் கழற்றுதல். கதவு விரியும் அளவைக் கட்டுப்படுத்தும் பட்டையும் இப்போது நீக்கப்படும்.
4. பழைய கீலின் போல்ட் துளைகளில் புதிய கீலைப் பொருத்துதல். சில தொகுப்புகளுக்கு வெல்டிங்கும் தேவைப்படும்.
5. கண்ணாடி ஏற்றி, பூட்டு, ஒலிபெருக்கி ஆகியவற்றின் ஒயர்களை நீட்டி, கீலில் நசுங்காதவாறு வழியமைத்தல்.
6. கீலின் கை இடிக்கும் இடத்தில் தகட்டின் உள்விளிம்பை வெட்டி, துருப்பிடிக்காமல் வண்ணம் பூசுதல்.
7. கதவின் இடைவெளியும் பூட்டும் சரியாகப் பொருந்திய பின்னரே வாயுத் தண்டை மாட்டுதல்.

படிகள் எளிதாகத் தோன்றினாலும், நான்காம் படியும் ஏழாம் படியும் மில்லிமீட்டர் துல்லியத்தைக் கோருபவை. வீட்டு முற்றத்தில் அளவுக்கருவிகள் இன்றி இதைப் பெறுவது கடினம். கதவு மேலே எழுவதால், தாழ்வான தகரக் கொட்டகையில் காரை நிறுத்துவோருக்குக் கதவைத் திறக்கவே இடம் இராது.

பாதுகாப்பு

வழக்கமான கதவை மேலும் கீழும் இரு கீல்கள் தாங்குகின்றன. பல மாற்றுத் தொகுப்புகளில் அந்தச் சுமை முழுவதும் ஒரே கைக்கு மாறுகிறது. அமெரிக்காவின் கதவுப் பாதுகாப்பு விதி, கீல்கள் நீளவாட்டில் 11,000 நியூட்டன், குறுக்குவாட்டில் 9,000 நியூட்டன் விசையைத் தாங்க வேண்டும் என்கிறது. இவை முறையே 1,100 கிலோ, 900 கிலோ எடைக்கு நெருக்கமான அளவுகள். இந்தியாவிலும் கதவுப் பூட்டு, கீல் வலிமைக்கெனத் தனித் தர விதி உண்டு. தொழிற்சாலைக் கீல் இச்சோதனையைக் கடந்து வந்தது. வாங்கிய தொகுப்பு கடந்ததா என்பதற்குச் சான்றிதழ் கேட்க வேண்டும்.

கார் கவிழ்ந்தால் வெளியேறுவதும் ஒரு சிக்கல். கூரையில் கீல் கொண்ட மெர்சிடிஸ் எஸ்எல்எஸ் காரில், கவிழ்ந்த நிலையில் கீல்களைச் சிறு வெடிப்பால் பிரித்துவிடும் ஏற்பாட்டை நிறுவனமே வைத்தது. வீட்டில் பொருத்தும் தொகுப்பில் அத்தகைய ஏற்பாட்டை எதிர்பார்க்க இயலாது.

பெரம்பலூர் வழியே சென்னை–திருச்சி நெடுஞ்சாலை செல்கிறது. அரியலூர்ச் சாலைகளில் சுண்ணாம்புக்கல், சிமென்ட் லாரிகளின் நடமாட்டம் மிகுதி. கனரக வண்டிகளோடு சாலையைப் பகிரும் காரின் கதவு உறுதியாக இருத்தல் இன்றியமையாதது. லாரிகள் கிளப்பும் புழுதி, கீலின் அசையும் பாகங்களைத் தேய்க்கவும் செய்யும்.

சட்டநிலை

மோட்டார் வாகனச் சட்டம் 1988இன் 52ஆம் பிரிவு, உற்பத்தியாளர் குறித்த விவரங்களிலிருந்து வாகனம் மாறுபடும்படி உரிமையாளர் மாற்றம் செய்வதைத் தடுக்கிறது. கேரளத்திலிருந்து வந்த வழக்கொன்றில், 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதனை உறுதிசெய்தது. அதே ஆண்டு கொண்டுவந்த திருத்தத்தின்படி, அனுமதியற்ற ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். கதவுக் கீலை மாற்றி, தகட்டை வெட்டுவது உடற்கூட்டில் செய்யும் மாற்றம் என்பதால், இதனை இச்சட்டத்துக்கு உட்பட்டதாகவே கருத வேண்டும்.

பி.எம்.டபிள்யூ. ஐ8 போன்ற கார்களில் மேலெழும் கதவு தொழிற்சாலையிலேயே அமைந்து, ஒப்புதலும் பெற்றது. எனவே அதற்கு இத்தடை இல்லை. காப்பீட்டு நிறுவனத்துக்குத் தெரிவிக்காத மாற்றம், விபத்து இழப்பீடு மறுக்கப்படக் காரணமாகலாம். ஆகவே பெரம்பலூர் (பதிவெண் 46), அரியலூர் (பதிவெண் 61) வாகன உரிமையாளர்கள், தொகுப்புக்குப் பணம் கட்டுமுன் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்திலும் காப்பீட்டு நிறுவனத்திலும் எழுத்து மூலம் கேட்டுப் பதில் பெறுவது நல்லது. இயக்கமுறையை மட்டும் கற்க விரும்பும் மாணவர்களுக்கு அட்டையும் ஆணியும் கொண்டு செய்த ஒரு மாதிரியே போதும்.